கடலோரச் சாலையும் காணாமல் போன லயமும்

(தொலைக்காட்சி மன்றம் ஒன்றில், ‘பயணத்தில் படம் எடுப்பது ரசனைக்கா, பதிவுக்கா?’ என்ற தலைப்பில் ‘பதிவுக்கே’ என்ற அணியில் பேசிய கெடா அன்பர் ஒருவரின் உரை.)



எனக்கு முன் பேசிய சகோதரி, “கண்ணால் ரசிக்க வேண்டியதைக் கேமராவில் அடைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என் அம்மாவிடம் வேறு ஒரு பதில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குவாலா கெடாவிலிருந்து தெற்கே யான் வழியாகத் தஞ்சோங் டாவாய் பக்கம் போகும் சாலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில இடங்களில் கடல் தெரியும். சில இடங்களில் கருவாட்டு வாடைதான் கடல் பக்கத்தில் இருப்பதைச் சொல்லும். மறுபக்கம் நெல்வயல். வயலுக்குப் பின்னால் 1,217 மீட்டர் உயரத்தில் குனோங் ஜெராய். அந்தக் காலத்தில் கடாரத்துக்கு வந்த கப்பல்களுக்கு அதுதான் அடையாளம்.

அந்த மலையைக் காலையில் யானிலிருந்து படம் பிடித்தால் கறுப்பாகத்தான் விழும். சூரியன் மலைக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது! மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள். கடல் பக்கமிருந்து வரும் வெயில் மலையின் முகத்தில் விழும். நடவுக்கு முன் வயலில் தண்ணீர் கட்டியிருந்தால், மலை அதில் தலைகீழாக நிற்கும்.

மழையை மட்டும் நம்பி ஒரு போகம் விளைந்த நிலம் அது. மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்த 1970-க்குப் பிறகு இரண்டு போகம் ஆனது. ஆகவே அந்தக் கண்ணாடி ஆண்டுக்கு இரண்டு முறை கிடைக்கும். பயிர் வளர்ந்ததும் மறைந்துவிடும். மலை அங்கேயேதான் இருக்கும், காட்சிதான் இருக்காது. அழகுக்கே இந்தக் கதி என்றால் மற்றதை யோசித்துப் பாருங்கள்.

மெர்போக் ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டிப் போனால் கோத்தா குவாலா மூடா. 26.12.2004 அன்று சுனாமி அடித்த ஊர். நாடு முழுவதும் 68 உயிர்கள் போயின. உடைந்த மீன்பிடிப் படகுகளையே அடுக்கி அங்கே நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். அங்கே போய்ப் படம் எடுக்கிறவர் ரசனைக்காகவா எடுக்கிறார்? நடுவர் அவர்களே, நீங்களே சொல்லுங்கள்.

இன்னும் கொஞ்சம் உள்ளே வாருங்கள். பூஜாங் பள்ளத்தாக்கு. 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆய்வாளர் அங்கே மண்ணைத் தோண்டி, பழங்காலக் கோயில்களுக்கு எண் போட்டுப் பதிவு செய்தார். அவற்றில் 11-ஆம் எண் கோயில் சுங்கை பத்து தோட்டப் பகுதியில் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழைமையானது. வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது அது இடிக்கப்பட்ட செய்தி 2013-இல் வெளியானது. அது தனியார் நிலம், அரசிதழில் பதிவாகவில்லை என்றார்கள். இராஜேந்திர சோழன் 1025-இல் படை அனுப்பிய கடாரத்தின் ஓர் அடையாளம் அப்படித்தான் போனது. இன்று அந்தக் கோயிலைப் பார்க்க வேண்டுமானால் பழைய குறிப்பையும் படத்தையும்தான் தேட வேண்டும்.

ஆயிரம் ஆண்டுக் கோயிலுக்கே அந்த நிலை. நம்முடைய லயத்துக்கு யார் காவல்?

இப்போது என் அம்மாவின் பதிலுக்கு வருகிறேன்.

பெடோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். அம்மா அங்கே முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். சம்பாதிக்க ஆரம்பித்ததும் நான் கேமரா வாங்கினேன். வாராவாரம் கடலோரச் சாலைக்குத்தான் ஓடுவேன். தோட்டத்துச் சந்திப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். நூறு தடவையாவது தாண்டியிருப்பேன். ஒரு தடவைகூட உள்ளே திரும்பவில்லை. அதில் என்ன அழகு இருக்கிறது என்று நினைத்தேன்.

தோட்டம் கைமாறியது. லயத்தை இடித்தார்கள். ஆயாக் கொட்டகை போனது, பால் கொட்டகை போனது. இப்போது அங்கே வீடமைப்புப் பகுதி.

ஒருநாள் என் ஆல்பங்களை அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். “மலையப் புடிச்சிருக்க, கடலப் புடிச்சிருக்க. நம்ம வீட்ட எங்கப்பா காணோம்?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. வீட்டில் இருந்தது மாமா கல்யாணப் படம் ஒன்றுதான். அதில் மாப்பிள்ளைக்குப் பின்னால் எங்கள் லயத்தின் ஒரு தூண் தெரிகிறது. அந்தத் தூணைத்தான் அம்மா விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

எதிரணியினர் ஆபத்தைப் பற்றியும் சொன்னார்கள். அது நியாயம்தான். வளைவில் காரை நிறுத்தாதீர்கள். காப்பிக் கடை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போய் எடுங்கள்.

நேயர்களே, இன்று எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலோரச் சாலைக்குப் போகிறவர்கள் அவசியம் போங்கள். போகும் வழியில் உங்கள் தோட்டம் இன்னும் இருந்தால், வண்டியைத் திருப்புங்கள். அப்பாவையோ அம்மாவையோ அந்த வாசற்படியில் உட்கார வைத்து ஒரு படம் எடுங்கள். யார் வீடு, எந்த ஆண்டு என்று அவர்களையே கேட்டுப் பின்னால் எழுதி வையுங்கள்.

சூரியன் நாளைக்கும் கடலில் இறங்கும். லயம் நாளைக்கு இருக்குமா என்று சொல்ல முடியாது. ஆகவே படம் பதிவுக்கே.