புதிய அரையாண்டும் மாணவர் நேரசூசியும்



பல்கலைக்கழகத்திலே புதிய அரையாண்டொன்று தொடங்கும்பொழுது மாணவரின் கைக்கு முதலில் வந்து சேர்வது ஒரு நேரசூசி. சில கட்டங்களிற் பாடத்தின் பெயரும் மண்டபத்தின் இலக்கமும் காணப்படும். பல கட்டங்கள் வெறுமையாய் இருக்கும். அவ்வெறுங் கட்டங்களைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகின்றேன்.

கலைப்பீடத்தில் இரண்டாம் ஆண்டிற் பயிலும் என் பழைய மாணவி ஒருத்தி விடுமுறையில் என்னைக் காண வந்தாள். தந்தையார் கடற்றொழிலாளி, தம்பி உயர்தர வகுப்பிற் படிப்பவன். புதிய நேரசூசியை என்முன் விரித்து, "எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன், சேர்" என்றாள். ஐந்து பாடநெறிகளுக்கு வாரம் 15 மணித்தியால விரிவுரை. எஞ்சிய கட்டங்களிற் சிறுபிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்தல், போக்குவரவுடன் 18 மணித்தியாலம். சனி, ஞாயிறு கணினி வகுப்பு, 12 மணித்தியாலம். வாரம் 45 மணித்தியால வேலை. "அப்படியாயின், நீ படிப்பது எப்பொழுது?" என்று கேட்டேன். "அதுதான் விரிவுரைக்குப் போகின்றேனே" என்றாள்.

அவளுடைய விடையில் வியப்பில்லை. பதின்மூன்று ஆண்டுகள் மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு அமர்ந்து படித்தவள் அவள். மணியடித்துப் படிக்கப் பழக்கிய நாங்கள், மணியில்லாத இடத்திற் படிக்கப் பழக்கவில்லை. அக்குறையில் என் பங்கும் உண்டு.

விரிவுரை மண்டபத்திற்கு வெளியே நிகழும் படிப்பும் இன்று கணக்கில் வருவது. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் 1869ஆம் ஆண்டு தலைமையேற்ற சாள்ஸ் எலியற், மாணவர் தாமே பாடங்களைத் தெரிந்தெடுக்கும் முறையை விரிவாக்கினார். வெவ்வேறு பாடங்களைப் படித்தோரை ஒப்புநோக்க ஓர் அளவுகோல் வேண்டியதாயிற்று. கற்கும் நேரத்தை அலகாகக் கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. கிரெடிட் எனப்படுவது அம்மரபில் வந்த அளவே.

நம் நாட்டில் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபொழுது பிரித்தானிய மரபே பின்பற்றப்பட்டது. அரையாண்டும் கிரெடிட்டும் பிற்காலத்தில் வந்தவை. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கல்வியாண்டுக்கு 30 கிரெடிட். ஒவ்வொன்றும் 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். விரிவுரையால் நடைபெறும் பாடமாயின், அந்த ஐம்பதில் மண்டபத்தில் அமர்வது 15 மணித்தியாலம் மாத்திரமே. எஞ்சிய 35 மணித்தியாலமும் நூலகத்திலும் விடுதி மேசையிலும் மாணவர் தாமே தேடிக் கற்க வேண்டியவை.

இதனை மாணவியின் நேரசூசியிற் பொருத்திப் பார்த்தோம். 15 கிரெடிட்டுக்கு 750 மணித்தியாலம். பதினைந்து வாரங்களிற் பகிர்ந்தால் வாரம் 50. விரிவுரை 15 போக, தனியே படிக்க 35. அந்த முப்பத்தைந்துக்கு அவளுடைய தாளில் ஒரு கட்டமேனும் இல்லை. வாரத்தின் 168 மணித்தியாலங்களில் உறக்கத்துக்கு 49, உணவு, குளிப்பு, துணிதுவைத்தல், போக்குவரவு ஆகியவற்றுக்கு 35 எனக் கழித்தால் 84 எஞ்சும். அவள் ஏற்ற 45உடன் விடுபட்ட 35ஐயும் கூட்டினால் 80. காய்ச்சலுக்கும் மழைக்கும் சேர்த்து மிஞ்சியவை நான்கு மணித்தியாலங்கள்!

வேறொன்றும் கண்டேன். புதன்கிழமைப் பிற்பகல் விரிவுரையின் மேலேயே ஒரு ரியூசன் வகுப்பு எழுதப்பட்டிருந்தது. "தோழி குறிப்புத் தருவாள்" என்றாள். பல பீடங்களில் 80 வீத வரவு இல்லாதார் பரீட்சைக்கு அமர முடியாது. குறிப்பைத் தோழி தரலாம்; வரவைத் தர இயலாது.

ரியூசனை விட்டுவிடு என்று சொல்வது எளிது. ஆனால் அப்பணத்திலேதான் தம்பியின் படிப்பு நடக்கின்றது. நீண்ட நேரம் பேசிய பின், கணினி வகுப்பை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிவைத்தோம். புதன்கிழமை ரியூசன் சனிக்கிழமைக்கு மாறியது. விரிவுரை 15, ரியூசன் 18, தன்படிப்பு 35, ஆக 68. இப்பொழுது 16 மணித்தியாலம் மூச்சுவிட மிஞ்சியது. கணினி வகுப்பின் மேற் கோடிட்டபொழுது அவள் முகம் வாடியது. வேலை தேடும் நாளில் அச்சான்றிதழ் கேட்கப்படும் என்பதை அவள் அறிவாள், நானும் அறிவேன். அவ்வருத்தத்தைப் போக்கும் சொல் என்னிடம் இருக்கவில்லை. பின்னர் வெறுங் கட்டங்களில் அவளே தன் கைப்பட எழுதினாள்: திங்கள் காலை நூலகம், செவ்வாய் மாலை புவியியல், வியாழன் கட்டுரை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை நேரசூசியோடு வீட்டுக்கு வரும்பொழுது, பரீட்சை எப்பொழுது என்று மாத்திரம் கேளாதீர்கள். வெறுமையாய் உள்ள கட்டங்களில் என்ன செய்யப்போகின்றாய் என்றும் அன்போடு கேளுங்கள். வீட்டுச் சுமையில் எவ்வளவு அப்பிள்ளையின் தோளில் இருக்கின்றதென்பதும் அவ்விடையிலே தெரியவரும். ஆசிரியர்களாகிய நாங்களோ, உயர்தர வகுப்பிலேயே வாரத்தில் ஒரு பாடவேளையையாவது மணியும் கட்டளையும் இன்றி மாணவரிடம் ஒப்படைத்துப் பார்க்கலாம். என் பாடசாலையில் அடுத்த தவணை அவ்வாறு செய்ய எண்ணியிருக்கின்றேன்.