துணை தேடும் நரம்புகள்

பழ ஈயின் மூளை ஏறக்குறைய ஒரு கசகசா அளவு. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள்!

வாசனை அறியும் செல்களில் மட்டும் சுமார் 50 வகை. ஒவ்வொரு வகையும் மூளைக்கு இழை நீட்டி, நெரிசலுக்குள் தனக்குரிய துணைச் செல்லோடு இணைய வேண்டும். இது நடப்பது கூட்டுப்புழுப் பருவத்தில். பழத்தை முகர்ந்து பழக வழியே இல்லை.

செல்கள் தாங்கும் வேதிப்பொருள்களே துணையைக் கண்டறியும் அடையாளமாக இருக்கலாம் என்று ரோஜர் ஸ்பெர்ரி 1963-இல் சொன்னார். தவளை, மீன்களின் கண் நரம்பை வெட்டி, மீண்டும் வளரவிட்டுப் பார்த்தவர் அவர்.

ஈயில் அதற்குச் சான்று 2012-இல் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் லிகுன் லுவோ குழுவினர் செல்களின் மேற்பரப்பில் உள்ள டெனியூரின் என்ற புரதத்தைக் கவனித்தார்கள். இருபுறமும் அதன் அளவு ஒத்திருந்தால் செல்கள் சேர்ந்தன. அளவை மாற்றினால் இணைப்பு தடம் மாறியது. ஆனால் ஒரு புரதம் 50 வகைக்குப் போதாது. பல புரதங்களின் சேர்க்கையே முகவரி.

2025-இல் அதே குழு சில புரதங்களை மாற்றி, ஒருவகைச் செல்லை வேறு துணையோடு சேர்த்தது. ஆண் ஈயின் வாடையை உணர்ந்து காதலுக்குத் தடைபோடும் செல் அது. விளைவு? ஆண் ஈக்கள் மற்ற ஆண்களையே சுற்றிவரத் தொடங்கின. வாடை பழையதுதான், அது போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

டெனியூரின் மனித உடலிலும் உண்டு, நான்கு வகையாக.