துணியை நகர்த்துவது நம் கை

(மாதர் ஐக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வருடம் நமது மாதர் ஐக்கியம் டயாலிசிஸ் நோயாளருக்காக மடிப் போர்வைகள் தைக்கத் தீர்மானித்திருக்கிறது. துணிகளை வெட்டிப் பொருத்துவது நம்மில் பலருக்குக் கைவந்த வேலை. அதற்குமேல் ஓட்டும் வளைவுத் தையல்தான் பயமாக இருக்கிறது என்று அக்காமார் சொன்னார்கள். ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் இந்தப் போர்வை யாருக்கு என்று சொல்ல வேண்டும். நான் இங்கிலாந்தில் தாதியாகப் பயின்று, இப்போது கனடாவில் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பொதுவாக வாரத்தில் 3 நாட்கள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணித்தியாலம் கதிரையில் இருக்க வேண்டும். இரத்தம் குழாய் வழியாக உடலுக்கு வெளியே போய்த் திரும்புவதால் பலருக்குக் குளிரும். ஜூலை மாதத்திலும் நடுங்குவார்கள். ஆனால் ஊசி ஏற்றிய கையை மூடக்கூடாது. ஊசி விலகி இரத்தம் கசிந்தால் அது உடனே எங்கள் கண்ணில் பட வேண்டும். ஆகவே பெரிய போர்வை வேண்டாம். இடுப்பிலிருந்து பாதம் வரை மூடும் 40 அங்குல அகலமும் 50 அங்குல நீளமும் போதும்.

குவில்ட் என்பது மூன்று அடுக்கு: மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. இந்தப் போர்வை அடிக்கடி கழுவப்படும். மூன்றையும் சேர்த்துத் தையல் ஓடாவிட்டால் பஞ்சு நாளடைவில் ஒரு மூலைக்குத் திரண்டுவிடும். எத்தனை அங்குல இடைவெளிக்குள் தையல் வரவேண்டும் என்பது பஞ்சு விரிப்பின் உறையில் எழுதியிருக்கும். வாங்கும்போதே வாசியுங்கள்.

கையால் தைத்தால்தான் உண்மையான குவில்ட் என்று சிலர் நினைக்கிறார்கள். 1989 இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் பதூகா நகரில் நடந்த பெரிய குவில்ட் போட்டியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் என்ற பெண் மெஷினில் குவில்ட் செய்த படைப்பு முதற்பரிசு பெற்றது. அந்தப் போட்டியில் மெஷின் வேலைக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. ஆகையால் நம் வீட்டு மெஷினைக் குறைவாக எண்ண வேண்டாம்.

சாதாரணத் தையலில், ஊசித்தட்டின் கீழிருக்கும் பல்வரிசை துணியைப் பின்னால் தள்ளும். இங்கே அந்தப் பற்களைக் கீழே இறக்கிவிடுகிறோம். இறக்க முடியாத மெஷினென்றால், ஊசிக்குத் துளையிட்ட மெல்லிய அட்டையைப் பற்களின் மேல் ஒட்டலாம். கடையில் ‘டார்னிங் ஃபுட்’ என்று கேட்டு வாங்கிப் பொருத்துங்கள். 90/14 இலக்க ஊசி நல்லது. இனி மெஷின் ஊசியை ஏற்றி இறக்க மட்டுமே செய்யும். துணியை எந்தப் பக்கமும் நகர்த்துவது நம் கை. கால் மிதிக்கும் வேகமும் கை நகரும் வேகமும் சேர்ந்தே தையலின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. கை மந்தமானால் தையல் ஓரிடத்தில் குவியும். கை திடீரென்று இழுத்தால் தையல் நீளும். கீழ்ப்பக்கம் நூல் கண்ணிமை மயிர்போல வளைந்து தெரியும். மெஷின் ஒரே சீராக ஓடட்டும், கை நிதானமாகப் போகட்டும்.

தொடங்கும்போது பொபின் நூலை மேலே இழுத்தெடுத்து, மிகச் சிறிய தையல் மூன்று நான்கு போட்டு நூலை இறுக்குங்கள். நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் போனால் துணி சுருங்காது. கையை மாற்றி வைப்பதற்கு முன், ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் நிறுத்துங்கள். உள்ளங்கையில் ரப்பர் பூசிய தோட்டக் கையுறை அணிந்தால் துணி வழுக்காது. தோள்களைத் தளர விடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடவுங்கள். இது தாதியின் கட்டளை!

பிள்ளைகளே, இனி உங்கள் முறை. காகிதத்தில் வைத்த பென்சிலை எடுக்காமல் தாள் முழுவதும் நிரப்பிப் பாருங்கள். முதலாவது, ஆறுபோல வளைந்து வளைந்து போகும் கோடு; அது தன்னைத்தானே வெட்டக்கூடாது. இரண்டாவது, ஆங்கில ‘இ’ எழுத்தைக் கூட்டெழுத்தில் தொடர்ந்து எழுதுவதுபோல் வரும் வளையங்கள். மூன்றாவது, ஒரு கொடியும் அதன் இருபுறமும் இலைகளும். காகிதத்தில் கை பழகிய கோடு துணியிலும் வரும். கோலம் போட்ட கைகளுக்கும், ‘ண’, ‘ஞ’ எழுதி வளர்ந்த கைகளுக்கும் வளைவு புதிதல்ல. நீங்கள் வரைந்து கொடுங்கள், அம்மம்மாமார் தைக்கட்டும்.

பழைய பருத்தி விரிப்பில் 12 அங்குலச் சதுரங்கள் வெட்டி, நடுவில் பஞ்சு வைத்து, நாளுக்கு 10 நிமிடம் பழகுங்கள். போர்வைக்கு வரும்போது, மூன்று அடுக்கையும் ஒரு கையகல இடைவெளியில் சேஃப்டி பின்னால் பிணைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பின் குத்தினீர்கள் என்று எழுதி வையுங்கள். முடிந்ததும் எண்ணுங்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் நாங்கள் கருவிகளை எண்ணுவதும் இதே காரணத்துக்குத்தான். ஒரு பின் குறைந்தாலும் அந்தப் போர்வை நம் கையைவிட்டுப் போகக்கூடாது. வாசனையில்லாத சவர்க்காரத்தில் கழுவி உலர்த்திய பின்பே கொடுப்போம். ஒரு போர்வை ஒரு நோயாளிக்கே உரியது. அவரோடு வீட்டுக்குப் போகும்.

யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளை விதவைகள் பேதுருவிடம் காட்டி அழுதார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவள் பேசிய ஒரு வார்த்தைகூட அங்கே எழுதப்படவில்லை. அவள் தைத்தவை பேசின.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு சதுரம் கொண்டு வாருங்கள். கோணல் மாணலாக இருந்தாலும் தையலைப் பிரிக்க வேண்டாம். பின்பக்கத்தில் திகதியை எழுதி வையுங்கள். பத்தாவது சதுரம் முடிந்ததும் முதலாவதன் அருகே வைத்துப் பாருங்கள். உங்கள் கை எவ்வளவு கற்றிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதன்பின் போர்வையைத் தொடங்கலாம்.

தேவன் நம் கைவேலையை ஆசீர்வதிப்பாராக.