நம்பிக்கையோடு விலகுதல்



அம்மா அறையைவிட்டுப் போனதும் குழந்தை வீறிட்டு அழுதால், பாசம் அதிகம் என்கிறோம். மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் முக்கியமாகப் பார்த்தது அந்த அழுகையை அல்ல. அம்மா திரும்பி வந்தபின் நடப்பதை. 1950களில் உகாண்டாவில் வீடுவீடாகச் சென்று தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்தவர் அவர். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில், ஒரு வயதுக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 20 நிமிடச் சோதனை ஒன்றை அமைத்தார். அதில், வெளியே போய்த் திரும்பி வந்த அம்மாவைக் கண்டதும் பல குழந்தைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டன; கொஞ்ச நேரத்தில் தேறி, மறுபடி விளையாடப் போய்விட்டன. சில, தூக்கினாலும் ஆறவில்லை. சில முகத்தைத் திருப்பிக்கொண்டன.

கூப்பிட்டால் அம்மா வருவாள் என்று நம்பும் குழந்தைதான் தைரியமாக விலகிப் போகிறது. நாமோ ஒட்டிக்கொண்டே இருப்பதை அன்பின் அளவாக வைத்திருக்கிறோம்!

1990இல் ஹேசன், ஷேவர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த நம்பிக்கையையே வேலைக்குப் போகும் பெரியவர்களிடம் பார்த்தார்கள். உறவில் பாதுகாப்பாக உணர்பவர்கள் வேலையிலும் நிறைவு காண்கிறார்கள். வேலையால் வீட்டு உறவு கெட விடுவதில்லை. புறக்கணிப்புக்கு அஞ்சுபவர்கள், சரியாகச் செய்யாவிட்டால் ஒதுக்கிவிடுவார்களோ என்று தவிக்கிறார்கள்.

இரவு பத்து மணி அலுவலகச் செய்திக்குப் பதறிப் பதில் போடுபவர்களிடம், "காலையில் பார்த்துக்கலாம்ப்பா" என்று மேலதிகாரியே முந்திச் சொல்லிவிட்டால், அந்தப் பதற்றம் பாதி அடங்கும்.