ஏட்டில் ஏறும் சாதனை
(இயக்க ஊழியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



வீடு கட்டித் தருமாறு கொத்தனாரிடம் பணம் கொடுக்கிறோம். ஆறு திங்கள் கழித்துச் சென்று பார்க்கிறோம். “இருநூறு மூட்டை சிமெண்டு வாங்கினேன், முப்பது ஆள் வைத்தேன், கொடுத்த பணம் அத்தனையும் செலவழித்துவிட்டேன்” என்கிறார் அவர். “மகிழ்ச்சி ஐயா, சுவர் எங்கே?” என்று கேட்போமா, மாட்டோமா? கேட்போம். ஆனால் நாட்டையே கட்டித் தருகிறோம் என்று கூறி நம் வரிப் பணத்தை வாங்கியவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். அவர்களும் சிமெண்டுக் கணக்கைச் சொல்லிவிட்டுச் சாதனை என்று பெயர் சூட்டுகிறார்கள்.

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது துறைதோறும் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கப்படுகிறது. அழகான அச்சு, பக்கத்திற்குப் பக்கம் பட்டியல். ஒதுக்கியது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, வழங்கியது எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். வழங்கியதால் விளைந்தது என்ன என்று தேடிப் பாருங்கள், கண் வலிக்கும். நடுவண் அரசு இந்தக் குறையை உணராமல் இல்லை. செலவை மட்டும் சொன்னால் போதாது, விளைவையும் சொல்ல வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு விளைவு வரவு செலவு அறிக்கை ஒன்றை நாடாளுமன்றத்தில் வைத்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் விளைவை அளப்பவர் யார்? வேலையைச் செய்த அதே துறை! தேர்வு எழுதிய மாணவனே விடைத்தாளையும் திருத்துகிறான். அவன் தோற்பானா?

எண்ணிக்கை என்பது கூரிய கத்தி, தோழர்களே. காய் நறுக்கவும் உதவும். கழுத்தை அறுக்கவும் உதவும். நெருக்கடி நிலைக் காலத்தை நினைவில் கொள்ளுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு மாநிலங்களுக்கு இலக்கு விதிக்கப்பட்டது. மாநிலம் மாவட்டத்திற்கு விதித்தது. மாவட்டம் ஆசிரியருக்கும் அலுவலருக்கும் விதித்தது. 1976–77 ஆண்டில் மட்டும் எண்பது இலட்சத்திற்கு மேற்பட்ட அறுவைகள்! இலக்கை விஞ்சிய சாதனை என்றது அறிக்கை. அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த மிரட்டலையும் கண்ணீரையும் பின்னர் ஷா ஆணையம் எடுத்துரைத்தது. 1977 தேர்தலில் மக்களும் எடுத்துரைத்தார்கள். அந்த அறிக்கையில் எண் பொய்யில்லை. எண்ணுக்கு இட்ட பெயர்தான் பொய்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு நகரின் பொது மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிருவாகம் இலக்குகளையும் நிதிநிலையையும் கட்டிக்கொண்டு நின்றது. தாளில் அது தேறிய நிறுவனம். படுக்கையிலோ நோயாளிகள் நீருக்கும் உதவிக்கும் ஏங்கிக் கிடந்தார்கள். இராபர்ட் பிரான்சிசு தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2013இல் வெளிவந்து அந்த அவலத்தை உலகறியச் செய்தது. அதைத் தொடக்கத்திலேயே கண்டு சொன்னவர்கள் யார்? கணக்கர்கள் அல்லர், பெற்றவரையும் உற்றவரையும் இழந்த குடும்பத்தார்.

அப்படியானால் அறிக்கையே வேண்டாமா? வேண்டும்! இருமடங்கு வேண்டும்! ஆனால் அறிக்கையை எழுதுபவர் ஒருவராகவும் சரிபார்ப்பவர் இன்னொருவராகவும் இருக்க வேண்டும். அந்த இன்னொருவர் மக்களாக இருக்க வேண்டும்.

இராசசுத்தானத்தின் வறண்ட சிற்றூர்களில் ஏழை உழவரும் கூலியாட்களும் அதைச் செய்து காட்டினார்கள். 1990இல் தோன்றிய தொழிலாளர் உழவர் அமைப்பு ஒன்று, 1994 முதல் ஊர்தோறும் மக்கள் மன்றம் கூட்டியது. அரசாங்கப் பதிவேடு உரக்கப் படிக்கப்பட்டது. இன்னார்க்கு இத்தனை நாள் கூலி என்றது ஏடு. “நான் அந்த வேலைக்கே போகவில்லையே!” என்று எழுந்தார் அந்த இன்னார். அன்று வரை அந்தப் பதிவேடு பெட்டிக்குள் பூட்டிய பெருஞ்சாதனை; அன்று முதல் அது குற்றவாளிக் கூண்டில் நின்ற சாட்சி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களை, சோறு உண்ண வந்தவர்களே பிடித்துவிட்டார்கள். அந்தக் கிளர்ச்சியின் நெடும்பயணமே 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்து நின்றது. தமிழகம் 1997லேயே அப்படியொரு சட்டம் இயற்றியது என்பதையும் மறவாதீர்.

அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவைப் படியுங்கள். யாரும் கேட்காமலே, ஒவ்வோர் அலுவலகமும் பதினேழு வகைச் செய்திகளைத் தானே வெளியிட வேண்டும் என்கிறது அது. திட்டத்துக்கு ஒதுக்கிய தொகையும், மானியம் பெற்றோர் விவரமும் அவற்றுள் அடக்கம். எத்தனை அலுவலகங்கள் அதை மதிக்கின்றன? உங்கள் ஊரில் போய்ப் பாருங்கள்.

தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 151ஆம் விதி. எத்தனை நாளுக்குள் என்று மட்டும் அது சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியே எத்தனை அறிக்கைகள் மெல்ல நடந்து வருகின்றன! காலம் கடந்து வரும் உண்மை, நெருப்பு அணைந்த பின் வரும் தண்ணீர் அன்றோ?

இப்போது நம்மைப் பற்றி ஒரு சொல். ஆளுங்கட்சியின் ஏட்டில் குறை காண்பது எளிது. நம் கை ஓங்கும் இடத்தில், நம்மவர் தலைவராக அமரும் ஊராட்சியில், நம்மவர் ஆளும் நகரமன்றத்தில், அதே அளவுகோலை நம் முதுகில் வைக்கச் சம்மதிக்கிறோமா? எதிரிக்கு ஒரு முழம், நமக்கு ஒரு முழம் என்றால் அது அளவுகோல் அன்று, ஆயுதம். ஆயுதத்தை மக்கள் அஞ்சுவார்கள், நம்பமாட்டார்கள். நம் ஆட்சியில் தோல்வி நேர்ந்தால் அதையும் நம் அறிக்கையே முதலில் சொல்ல வேண்டும். அதனால் இரண்டு தேர்தலில் வாக்குக் குறையலாம். நம்பிக்கை குறையாது. அந்த நம்பிக்கை இல்லாத இயக்கம் வெறும் கொடிக்கம்பம்.

ஆகவே, தோழர்களே, கைதட்டிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். கிராம சபை கூடும் சனவரி 26இலும், மே முதல் நாளிலும், ஆகஸ்டு 15இலும், அக்டோபர் 2இலும் போய் உட்காருங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு எழுதுங்கள். முப்பது நாளில் விடை தர வேண்டியது அவர்கள் கடமை. வந்த ஏட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள். குழாய் என்று எழுதியிருந்தால் திறந்து பாருங்கள். சாலை என்றிருந்தால் நடந்து பாருங்கள். பள்ளி என்றிருந்தால் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் நம் முன்னோர். கறி எங்கே என்று கேட்பது நம் பணி.