கீரைக்காரருக்கும் வங்கிக் கடன்



2020 மார்ச் மாதம். கொரோனா வந்தது. நாடு முழுக்க ஊரடங்கு. தள்ளுவண்டிகள் ஓரமாக நின்றன. கையில் இருந்த முதல் என்ன ஆனது? அரிசியும் பருப்புமாகி வயிற்றுக்குள் போனது. திரும்பக் கடை போடச் சரக்கு வாங்க வேண்டுமே!

வட்டிக்காரர் காலையில் 900 ரூபாய் தருவார். மாலையில் 1,000 கேட்பார். நமக்கு என்ன மிஞ்சும்?

அந்த ஜூன் மாதம் மத்திய அரசு ‘ஸ்வநிதி’ திட்டத்தைத் தொடங்கியது. தெருவோர வியாபாரிகளுக்கு வங்கியில் 10,000 ரூபாய் கடன். நகை வேண்டாம். ஈடு வேண்டாம். ஓராண்டுக்குள் மாதத் தவணையாகக் கட்ட வேண்டும். ஒழுங்காகக் கட்டினால் ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியம் நம் கணக்கில் சேரும். இது இனாம் இல்லை, கடன்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் வியாபாரி என்பதற்கு அத்தாட்சி வேண்டும். பலரிடம் அடையாள அட்டை இல்லை. கணக்கெடுக்க வந்தபோது அவர்கள் சரக்கெடுக்கப் போயிருப்பார்கள்! அப்படி விடுபட்டவர்களுக்கு நகராட்சி பரிந்துரைக் கடிதம் தரலாம். முப்பது வருடம் கீரை விற்றிருந்தாலும் அந்தத் தாள் முக்கியம்.

2025இல் முதல் கடன் 15,000 ரூபாய் ஆனது. திட்டம் 2030 மார்ச் வரை உண்டு. உங்களில் யாருக்கு அட்டை இல்லை? நாளைக் காலை சேர்ந்தே நகராட்சிக்குப் போவோம். ஆதார் அட்டையை எடுத்து வாருங்கள்.