காணி உறுதியே மெய்யுரிமை
(பதுளையில் ஆற்றிய உரை)



2024 செப்டம்பரில் இந்நாடு அநுர குமார திசாநாயக்கவை ஜனாதிபதியாகத் தேர்ந்தது. பதவி ஏற்றவரை வாழ்த்துவது மரபு. அவர் கடமையை நினைவூட்டுவது நம் உரிமை.

1947இல் இப்பதுளைத் தொகுதி எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. மறு ஆண்டே நம்மில் பெரும்பாலோரின் பிரசாவுரிமை பறிபோயிற்று. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை போராடி, இழந்ததை மீட்டோம். வாக்கு வந்தது, வாழும் மண் வந்ததா? இல்லை!

“காணி கம்பனிக்கு உரியதன்றோ?” என்பர் சிலர். அன்று! 1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளிடம் சென்றது நிர்வாகமே. நிலத்தின் சொந்தக்காரன் அரசு. ஆகவே, பூட்டைத் திறக்கும் சாவி ஜனாதிபதியின் கையிலேயே இருக்கிறது.

2025 ஒக்ரோபரில் பண்டாரவளையில் 2,000 குடும்பங்களுக்கு அவர் வீட்டு ஆவணங்கள் வழங்கினார். வரவேற்கிறோம். அவை சட்டப்படி பதிந்த உறுதிகளாக நிறைவுற வேண்டும். அடுத்த மாதமே டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தன. உயிர்கள் மண்ணுள் புதைந்தன. ஆபத்தான சரிவில் லயத்தில் வாழ்பவன் வேறிடத்தில் வீடு கட்டுவது எங்ஙனம்? ஒரு பிடி மண்ணும் அவன் பெயரில் இல்லையே!

நாம் சலுகை கேட்கவில்லை. பாதுகாப்பான நிலமும், பெயரில் பதிந்த உறுதியும் கேட்கிறோம். உறுதியின் அருமையை உழவர் அறிவர். அதன் வழியைச் சட்டம் கற்றோர் அறிவர். இருவரும் தோட்டந்தோறும் நம்மோடு நின்று குரல் கொடுங்கள்!